வாசலோடு நிற்க வேண்டிய ஈயம்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

வயது 29. இரண்டரை வயதில் ஒரு மகன். இப்போது நான்கு மாதக் கர்ப்பம். கணவர், பழைய பேட்டரிகளை உடைத்து உள்ளிருக்கும் ஈயத் தகடுகளை உருக்கும் பட்டறையில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறார். அவ்வப்போது ஒன்றிரண்டு பேட்டரிகளை வீட்டுக்கும் கொண்டுவந்து கொல்லையில் வைத்துப் பிரிப்பது உண்டு. மகன் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் அழுகை. பரிசோதனையில் ரத்தசோகை என்று தெரிந்தது. அப்பாவின் வேலையைக் கேட்டுக்கொண்ட மருத்துவர், விரலில் குத்தி ஈய அளவையும் பார்த்திருக்கிறார்: டெசிலிட்டருக்கு 18 மைக்ரோகிராம். "மருந்து வேண்டாம், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாசகிக்கு இது அலட்சியமாகப் படுகிறது.

மகன் பென்சிலைக் கடிப்பதால் வந்ததா? ஈயத்தை வெளியேற்றும் மருந்தை வேறு மருத்துவரிடம் கேட்டு வாங்கலாமா, அல்லது இணையத்தில் விற்கும் 'நச்சு நீக்கி' பொடியைக் கொடுக்கலாமா? நிறையப் பால் குடித்தால் போய்விடும் என்று கணவர் சொல்வது சரியா? பிள்ளையின் மூளை கெட்டுவிட்டதா? வயிற்றில் இருப்பதைக் கலைத்துவிடுவது நல்லதா? "எட்டு வருடமாக எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிற கணவரிடம் என்ன சொல்வது? இதற்கிடையில், பிரசவத்துக்குள் வீட்டின் பழைய ஜன்னல் பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்க மாமியார் ஆள் பேசிவிட்டார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மருத்துவர் மருந்து எழுதித் தராதது அலட்சியம் அல்ல. 18 என்ற அளவுக்கு அதுதான் முறையான வைத்தியம். ஆனால் சுத்தம் செய்வதைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டார் பாருங்கள், குறை அங்கேதான். யார், எதை, எப்படிச் சுத்தம் செய்வது என்பதில்தான் உங்கள் மகனின் சிகிச்சை முழுவதும் இருக்கிறது. தப்பாகச் செய்தால் அளவு இன்னும் ஏறும்.

அவசரம் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மகன் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்பினாலும் எழாமல் சுருண்டு கிடந்தால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், பழைய ரிப்போர்ட்டில் என்ன எண் இருந்தாலும் சரி, அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குப் போய், 'வீட்டில் பேட்டரி ஈயம் இருக்கிறது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாதவரை, நிதானமாக வேலை பார்க்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

அந்த 18

விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் ஒரு சிக்கல் உண்டு. தோலில் ஒட்டியிருக்கும் ஈயத் தூசி துளியோடு கலந்து எண்ணைக் கூட்டிக் காட்டிவிடலாம். அதனால் ஒரு மாதத்துக்குள் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். உங்கள் வீட்டுச் சூழலைப் பார்த்தால் எண் பெரிதாகக் குறையும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். அடுத்த ரிப்போர்ட்டில் 180 என்று பார்த்தால் பதறிவிடாதீர்கள். சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கில் தருவார்கள். டெசிலிட்டருக்கு 18 என்பதும் லிட்டருக்கு 180 என்பதும் ஒன்றே.

குழந்தைக்கு இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல எந்த எண்ணும் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1960-களில் 60-ஐ எல்லையாக வைத்திருந்தது. 1991-இல் அது 10, 2012-இல் 5, 2021-இல் 3.5 என்று இறங்கி வந்தது. 5-ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக உங்கள் மகனின் 18, உயிருக்கு ஆபத்தான அளவு இல்லை. விட்டுவிடக்கூடிய அளவும் இல்லை.

பென்சிலை இந்தக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். நம் பேச்சில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு ஓடுகிறது. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். நஞ்சு இந்தக் காரீயம்தான். பென்சில் குச்சியில் இரண்டுமே கிடையாது, கிராஃபைட்டும் களிமண்ணும்தான்.

வீட்டுக்குள் வரும் வழி

கார் பேட்டரியின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் ஈயம். 15 கிலோ பேட்டரி என்றால் சுமார் 9 கிலோ. அதில் பெரும்பகுதி தகடுகளில் அப்பியிருக்கும் பசை. காய்ந்தால் மாவுபோல உதிரும். ஒரு மில்லிகிராம் ஈயம் என்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு துகள். உணவு வழியாக ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் அந்த ஒரே துகள் நானூறு நாளைக்கும் மேலான அளவு. கண்ணுக்குத் தூசி தெரியவில்லை என்பதை வைத்து வீடு சுத்தமாக இருப்பதாக நினைத்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டரை வயது, கை அடிக்கடி வாய்க்குப் போகும் வயது. போதாதற்கு, விழுங்கும் ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், குழந்தையின் உடல் பாதியளவு வரை உறிஞ்சும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடும். குடல் இரும்பை இழுக்கிற அதே வழியாக ஈயத்தையும் இழுத்துக்கொள்கிறது. அப்பா வேலை உடையோடு வந்து தூக்கிக் கொஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சட்டை, அந்தச் செருப்பு, தலைமுடி, பைக் சீட், கொல்லை மண், இவைதான் வழிகள்.

மருந்து ஏன் வேண்டாம்

ஈயத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் இருப்பது உண்மை. குழந்தைகளுக்கு 45-ஐத் தொட்டால் அவை பரிந்துரைக்கப்படுகின்றன. அதற்குக் கீழே கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தும் ஆயிற்று. அமெரிக்காவில் 20 முதல் 44 வரை அளவிருந்த 780 சிறு குழந்தைகளுக்கு, பாதிப்பேருக்கு சக்சிமர் மருந்தும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்து வருடக்கணக்கில் கவனித்தார்கள். மருந்து எடுத்தவர்களின் ரத்த ஈயம் கொஞ்ச காலம் குறைந்தது. அறிவுத்திறனில், நடத்தையில் எந்த முன்னேற்றமும் இல்லை. மருந்தை நிறுத்தியதும் எலும்பில் சேர்ந்திருக்கும் ஈயம் ரத்தத்துக்குக் கசிந்து அளவு மறுபடி ஏறும். தூசி நிறைந்த வீட்டிலேயே குழந்தையை வைத்துக்கொண்டு மருந்து கொடுப்பது, ஓட்டை அடைக்காமல் படகிலிருந்து தண்ணீர் இறைப்பதுதான்.

வேறு மருத்துவரைத் தேடிப் போவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கால்சியம் சேர்ந்த இ.டி.டி.ஏ. ஈயத்துக்கான மருந்து, கால்சியம் சேராத, பெயரில் ஒத்த இன்னொரு இ.டி.டி.ஏ. ரத்தத்தின் கால்சியத்தையே உறிஞ்சி இதயத்தை நிறுத்திவிடும். பெயர்க் குழப்பத்தில் இந்த இரண்டாவது மருந்தைக் கொடுத்ததால் குழந்தைகளே இறந்திருக்கிறார்கள். 'நச்சு நீக்கி' பொடியை வாங்கவே வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது, சிலவற்றில் ஈயமே இருந்ததுண்டு. முடியைப் பரிசோதிப்பது, மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீரைப் பரிசோதிப்பது என்று பணம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். நம்பகமானது நரம்பு ரத்தம் ஒன்றே.

பால் விஷயத்தில் கணவர் சொல்வது பாதி சரி. ஆபத்து மற்ற பாதியில் இருக்கிறது. பால் ஈயத்தை வெளியே தள்ளாது. போதிய கால்சியம் இருந்தால் புதிதாக உள்ளே போவது குறையும், அவ்வளவுதான். இந்த வயதில் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டிப் பால் குடிக்கும் குழந்தை சோற்றைத் தள்ளிவிடும், இரும்புச்சத்து குறையும், ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும். 18 என்ற அளவில் ஈயத்தால் மட்டும் ரத்தசோகை வருவது அரிது. உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் இரும்புக் குறைவாகத்தான் இருக்கும். உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குறைவு உறுதியானால் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்ற கணக்கில் சொட்டு மருந்து கொடுப்பது வழக்கம். மருந்துக்கு மருந்து செறிவு மாறும் என்பதால் எத்தனை சொட்டு என்பதை மருத்துவரே எழுதட்டும். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பாட்டிலை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரும்பு மருந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் அது தனி விஷம். வெறும் வயிற்றில் ஈயம் வேகமாக ஏறும் என்பதால், பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்வது

இதை நீங்கள் செய்யக் கூடாது. கர்ப்பிணி இந்தத் தூசியின் பக்கமே போக வேண்டாம். வேலை உடையை இதுவரை உதறித் துவைத்தவர் நீங்கள் என்று எழுதியிருந்தீர்கள், இன்றோடு நிறுத்துங்கள். செய்ய வேண்டியவர் உங்கள் கணவர். அவர் செய்யும்போது நீங்களும் மகனும் வேறு எங்காவது இருங்கள்.

துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி படியும். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும். எல்லாமே ஈரத்தில்தான். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் அலசத் தண்ணீர். தரை, ஜன்னல் விளிம்பு, கட்டில் கால், கதவுக் கைப்பிடி என்று துடைத்து, துணியை அலசும் வாளியில் பிழிந்து, அந்தத் தண்ணீர் கலங்கியதும் மாற்ற வேண்டும். கழிவை மண்ணில் கொட்டாமல் கழிப்பறையில் ஊற்றுங்கள். துடைத்த துணி மறுபடி சமையலறைப் பக்கம் வரக் கூடாது. முதல் முறை முழு வீடும். பிறகு வாரம் இரண்டு மூன்று தடவை. துணி பொம்மைகளைத் துவைக்க முடியாவிட்டால் போட்டுவிடுங்கள். மகனின் நகத்தை ஒட்ட வெட்டி, சாப்பாட்டுக்கு முன்பும் தூங்கும் முன்பும் சோப்பு போட்டு ஓடும் நீரில் கை கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் ஈயத்தை அகற்றாது.

கொல்லையில் பேட்டரி பிரித்த இடம் தனி ஆபத்து. செனகல் தலைநகர் டகாருக்கு அருகே தியாரோய் சூர் மேர் என்ற இடத்தில், பேட்டரிக் கழிவு கலந்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். மண்ணைக் கிளறாதீர்கள், எரிக்காதீர்கள். நனைத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, சுத்தமான மண் குறைந்தது 15 சென்டிமீட்டர் கொட்டி மூடலாம். காங்கிரீட் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. அங்கே கீரை, கிழங்கு போடவே கூடாது. மீதிப் பேட்டரிகள் அன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும்.

கணவருக்கு

"ஒன்றும் ஆகவில்லை" என்று எந்தப் பரிசோதனையும் செய்யாமல் சொல்ல முடியாது. பெரியவர்களிடம் ஈயம் சத்தமில்லாமல் ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், விந்தணுக்களைக் குறைக்கும். அடிக்கடி வயிற்றைப் பிசைவது, மூட்டுவலி, மறதி, மணிக்கட்டில் பலமின்மை இருந்தால் சந்தேகப்பட வேண்டும். உடலில் சேர்ந்த ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் இருக்கும். அங்கே பல பத்தாண்டுகள் தங்கும். ரத்த அளவு பெரும்பாலும் கடந்த ஒன்றிரண்டு மாதத்தைத்தான் காட்டும். அதனால் ரத்த ஈயம், ரத்த அழுத்தம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 30-ஐத் தாண்டினாலோ, நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை 20-க்கு மேல் இருந்தாலோ அந்த வேலையிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதே தொழில்சார் நோய் மருத்துவர்களின் பரிந்துரை. பல சட்டங்களில் 50, 60 என்று பழைய வரம்புகள் கிடக்கின்றன. 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று பட்டறையில் சொன்னால் அது சட்டத்துக்கான பதில், உடம்புக்கானது அல்ல.

வேலையை விடச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பமே அந்தச் சம்பளத்தில் ஓடும்போது அதை நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. வீட்டில் பேட்டரி பிரிப்பதை நிறுத்துவதில் மட்டும் பேரம் கிடையாது. பட்டறையைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியவை: குளிக்கவும் உடை மாற்றவும் இடம், வேலை உடை அங்கேயே தங்குவது, உருக்கும் இடத்தில் புகை இழுக்கும் அமைப்பு, முகத்தில் கச்சிதமாகப் பொருந்தும் வடிகட்டி முகமூடி. கைக்குட்டை கட்டுவதால் ஈயப் புகை நிற்காது. ஈயம் 327 டிகிரியில் உருகும். அதற்கு மேல் சூடு ஏற ஏறப் புகை கூடும் என்பதால் தேவைக்கு மேல் கொதிக்க விடக் கூடாது. பட்டறைக்குள் சாப்பாடும் கூடாது, பீடி சிகரெட்டும் கூடாது. அவர் தனியாகக் கேட்டால் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. உடன் வேலை செய்கிறவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருப்பார்கள். சேர்ந்து, எழுத்தில் கேட்கட்டும். பட்டறை ரத்தம் எடுத்துச் சோதித்தால் அந்த முடிவின் பிரதியைக் கேட்டு வாங்குவது அவர் உரிமை. எதுவும் நடக்கவில்லை என்றால், உடைப்பதும் உருக்குவதும் இல்லாத பிரிவுக்கு மாறுவது அடுத்த வழி. அதுவும் முடியாமல் அவர் அளவும் 30-ஐத் தாண்டியிருந்தால், வேறு வேலை தேடத் தொடங்குவதுதான் சரி என்று நான் சொல்வேன்.

வேலை உடை வீட்டுக்கு வந்தே ஆகும் என்றால், வாசலிலேயே கழற்றி மூடிய பையில் போட்டு, உதறாமல், அவரே தனியாகத் துவைக்க வேண்டும். குளித்த பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். செருப்பு வாசலோடு நிற்கட்டும்.

வயிற்றில் இருக்கும் குழந்தை

உங்கள் ரத்தத்தைச் சோதிக்காமலேயே கலைப்பதைப் பற்றி யோசித்திருக்கிறீர்கள். அந்த யோசனையை இப்போது தள்ளி வையுங்கள். மகனின் எண்ணை வைத்து உங்கள் எண்ணைக் கணிக்க முடியாது. ஈயம் இருக்கிறது என்ற ஒன்றே கலைக்கக் காரணமும் ஆகாது. இந்த வாரமே நரம்பு ரத்தத்தில் ஈயம் பாருங்கள். ஏறத்தாழ 12 வாரத்திலிருந்து ஈயம் நஞ்சுக்கொடி வழியாகத் தாராளமாகக் கடக்கும். பிறக்கும்போது குழந்தையின் அளவு தாயின் அளவை ஒட்டியே இருக்கும். அதிகமாக இருந்தால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், குறைந்த எடை, உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஆகிய அபாயங்கள் கூடும். 5-க்கு மேல் இருந்தால் தொடர் பரிசோதனை. 45-ஐ எட்டினால் நச்சியல் தெரிந்த நிபுணரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். கர்ப்பத்தில் எலும்பு கரையும்போது பழைய ஈயமும் வெளியே வரும். நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கிடைத்தால் அது குறையும். உணவில் எவ்வளவு, மாத்திரையில் எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவரோடு பேசுங்கள். தாய்ப்பாலுக்குப் பயப்பட வேண்டாம். உங்கள் அளவு 40-க்குக் கீழே இருந்தால் கொடுக்கலாம். ரத்தத்தில் இருப்பதில் மிகச் சிறு பங்குதான் பாலில் சேரும்.

ஜன்னல் பெயிண்ட் வேலையை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மாமியாரிடம், நல்ல எண்ணத்தில்தான் ஆள் பேசினார் என்பதைச் சொல்லியே நிறுத்துங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால், உப்புத்தாளால் உலரத் தேய்ப்பதும் தீயால் வாட்டிச் சுரண்டுவதும் வீடு முழுக்க ஈயத்தைப் பரப்பும் மிக மோசமான இரண்டு வழிகள். உரியாமல் இறுகியிருக்கும் பெயிண்ட் அப்படியே இருக்கட்டும். உரிந்திருந்தால் ஒரு சில்லை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஈயம் இருந்து, எடுத்தே ஆக வேண்டும் என்றால், அறையை மூடி, நனைத்துத் தேய்த்து, ஈரத்தில் துடைத்து முடிக்கும்வரை நீங்களும் மகனும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மகனின் மூளை

இதை மழுப்பாமல் சொல்கிறேன். நடந்த பாதிப்பை மருந்தால் திருப்ப முடியாது. ஏழு நீண்டகால ஆய்வுகளின் 1,333 குழந்தைகளைச் சேர்த்து 2005-இல் வெளியான அலசலில், ரத்த ஈயம் 2.4-இலிருந்து 10-க்கு ஏறியபோது அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) சராசரியாக 3.9 புள்ளி குறைந்தது. 10-இலிருந்து 20-க்கு ஏறியபோது மேலும் 1.9. இது ஆயிரம் பேரின் சராசரி. இந்தச் சில புள்ளிகளை வைத்து ஒரு பிள்ளை எப்படி வளர்வான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள்: இழப்பின் பெரும்பகுதி அடிமட்ட அளவுகளிலேயே நடக்கிறது. அதனால் 18 இறங்கி 10 ஆனதும் துடைப்பதையும் கழுவுவதையும் விட்டுவிடக் கூடாது. வளர்ச்சி மதிப்பீடு ஒன்றை இப்போதும், பள்ளியில் சேர்க்கும் முன் மறுபடியும் செய்யுங்கள். கவனக் குறைவும் பேச்சுத் தாமதமும் பின்னால்தான் தலைகாட்டும். நிறையப் பேசுவது, படம் காட்டிக் கதை சொல்வது, நல்ல தூக்கம் ஆகியவற்றின் பலன் ஈயம் ஏறிய பிள்ளைக்கும் உண்டு.

உறுதிப்படுத்தும் பரிசோதனைக்குப் பிறகு, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அடுத்தது. இறங்கத் தொடங்கினால் இடைவெளியைக் கூட்டலாம். 5-க்குக் கீழே வர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், ஏனென்றால் எலும்பிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்தில் கொஞ்சமும் அசையவில்லை என்றால் எங்கோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். குழாய் நீரைப் பரிசோதியுங்கள். ஈயக் குழாயாக இருந்தால் கொதிக்க வைப்பதால் ஈயம் போகாது. பைக் சீட்டையும் சாப்பாட்டுப் பையையும் பாருங்கள். முக்கியமாக, அப்பாவின் செல்போன். பட்டறையில் நாள் முழுக்க அவர் கையில் இருப்பதும், சாயங்காலம் மகன் கார்ட்டூன் பார்ப்பதும் ஒரே போனில் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குள் வரும் முன் அதை உறையிலிருந்து கழற்றி, உறையையும் சேர்த்து ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.